சிவப்புக் கட்டத்து அமிர்தவல்லி

எங்கள் பக்கத்தில் எமனுக்குக்கூட இல்லாத கண்டிப்பு அமிர்தவல்லிக்கு உண்டு. எமன் பிறந்த தேதி கேட்பதில்லை. அவள் கேட்பாள். அதுவும் நாள் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், வருடம் நான்கு இலக்கம் என்று கேட்பாள். 'தை மாசம், கரும்பு வெட்டுன அன்னிக்கு' என்று சொன்னால் அவளுடைய கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் சிவந்துவிடும். சிவந்தால் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. கெஞ்சினாலும் நடக்காது, சிறுவாச்சூர் காளிமேல் சத்தியம் செய்தாலும் நடக்காது.

பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் போகும் வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற ஊர் அவளுடையது. சின்ன வெங்காயம் போடுகிற குடியானவர்கள் சேர்ந்து அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் புரட்டாசியில் சங்கத்து உறுப்பினர்களுக்கு விதை வெங்காயம் வரும். பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் மூட்டை. ஏற்றுகிறவள் அமிர்தவல்லி.

ஆரம்பத்தில் அவள் இப்படி இல்லை. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவன் வந்து கம்ப்யூட்டரில் வெறுங்கட்டங்களைப் போட்டுக் கொடுத்தான். போகிற போக்கில், "எந்தக் கட்டத்துல என்ன வரலாம், என்ன வரக்கூடாதுங்கறத நீங்களே வச்சுக்கலாம் மேடம்" என்று சொல்லி, எப்படி வைப்பது என்பதையும் காட்டிவிட்டுப் போனான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

முதலில் போன் நம்பர். பத்து இலக்கம் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் கூடினாலும் சிவப்பு. அடுத்து வயது. பதினெட்டுக்குக் கீழே கூடாது, நூறுக்கு மேலே கூடாது. சின்னப்பிள்ளை என்று ஒரு கிழவர், தனக்கு நூற்று நாலு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். கட்டம் எடுக்கவில்லை. சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி, "சரி தாயி, அஞ்சக் கொறச்சுக்க" என்று இறங்கி வந்தார். கட்டம் வெளுத்தது, பெயர் ஏறியது. அரசாங்கமே வயதைக் குறைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் காலையில் முருங்கை மரத்தில் ஏறிக் காய் பறித்தார். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், கிளை இன்னும் ஒடிந்துதான் தொங்குகிறது.

சங்கத் தலைவர் நடராசனும் தப்பவில்லை. அவர் தன் பெயருக்கு முன்னால் 'உயர்திரு'வும் பின்னால் 'முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர், சமூக சேவகர்' என்பதும் இல்லாமல் கல்யாணப் பத்திரிகையில்கூட வராத மனிதர். பெயர்க் கட்டத்தில் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது, புள்ளி கூடாது, காற்புள்ளி கூடாது என்று அமிர்தவல்லி வைத்திருந்தாள். தலைவர் ஒவ்வொரு பட்டமாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் வெறும் 'நடராசன்' மட்டும் நின்றது. அவ்வளவு பொடியாகத் தன் பெயரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு நாள் ஆபீசுக்கு வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவள் வீட்டுக்காரர் பஞ்சநாதன், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். போனில் "எப்ப வருவீங்க" என்று கேட்பாள். "வந்துடுவேன்" என்பார். அது பதில் ஆகாது, மணி சொல்ல வேண்டும். "அடியே, ஒன்னோட லிஸ்ட்டுல 'தெரியாது'ன்னு ஒண்ணு சேத்து வையேன், புண்ணியமாப் போவும்" என்று பஞ்சநாதன் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அமிர்தவல்லி தன் பள்ளிக்கூடத்தைக் காட்டுவாள். அந்தக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தலைமை வாத்தியார் இருந்தார். பிள்ளையைச் சேர்க்க வந்தால் சர்டிபிகேட் கேட்கமாட்டார், கேட்டாலும் எவரிடம் இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் அடுத்த வருடம். தொட்ட பிள்ளைக்கு அவரே ஒரு பிறந்த தேதி போடுவார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் மார்ச், ஏப்ரல், மே என்று கை போன போக்கில் போடுவார். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் கோடையில் பிறந்தவர்கள். மற்ற மாதங்களில் தாய்மார்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு.

"நான் முறைப்படி சேந்தவ. என் கை எட்டுச்சு, சேத்தாரு. எட்டலைன்னா சேத்திருக்க மாட்டாரு. அதான் ரூலு" என்பாள் அமிர்தவல்லி. கை எட்டியது என்பது அவள் கட்சி.

இனிமேல்தான் விவகாரம்.

சங்கத்தில் ஓர் உறுப்பினர் இறந்துபோனால் அவருடைய இடம் வாரிசுகளுக்கு வரும், ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு பங்கு விதை. வீரமணி என்று ஒருவன், அப்பா செத்த கையோடு நான்கு அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஊருக்கே தெரியும் அவன் ஒற்றைப் பிள்ளை என்று. மற்ற நால்வரும் மாமன் மச்சான் வகையறா. தேதிகளைப் பார்த்தால் வீரமணியின் அம்மா ஒரே வருடத்தில் மூன்று தடவை பெற்றிருக்கிறாள். அமிர்தவல்லி வீரமணியைப் பார்த்தாள், கட்டங்களைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே ஒரு விதி ஏறியது. ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் என்றால் இடையில் ஒன்பது மாதமாவது இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளை என்றால் இருவருக்கும் ஒரே தேதி இருக்க வேண்டும். வாரிசு சான்றிதழில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஏற வேண்டும், ஒருவர் குறைந்தாலும் மொத்தமும் சிவப்பு.

வீரமணி வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அவனைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் விழுந்தது பாப்பாயி. புருசனை இழந்தவள், இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் விட்டவள். வாத்தியார் ஒரே வருடத்தில் ஒருவனுக்கு ஏப்ரலும் மற்றவனுக்கு மேயும் போட்டிருந்தார்.

"ஒரு மாசந்தான் அத்தை இருக்கு. சிஸ்டம் எடுக்கல" என்றாள் அமிர்தவல்லி.

"எடுக்கலியா? பெத்தது நானு, எடுக்கறது அதுவா?" என்றாள் பாப்பாயி. "ரெண்டு பயலுக்கும் நடுவுல ரெண்டு வருசம்டி. அந்த வாத்தி போட்ட தேதிக்கு நா என்னா செய்ய? என் வயித்துக்குள்ள ஒன்னோட கம்ப்யூட்டர வச்சிருந்தியா?"

"ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதான் அத்தை. நாளைக்கு எங்க வூட்டு ஆளுங்களே வந்தாலும் இதேதான்."

இந்த மாதிரி வாக்கியங்களை யாரோ மேலே உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த வருடம் பாப்பாயி சங்கத்து விதை இல்லாமல், வெளியில் கிடைத்த அழுகலை வாங்கி நட்டாள். பாதி முளைக்கவில்லை. அவளைப் போல இன்னும் சில குடும்பங்களும் சிவந்து திரும்பிப் போயின.

அடுத்த ஆடியில் அமிர்தவல்லியின் அப்பா அய்யாக்கண்ணு காலமானார். காரியம் முடிந்தது. அம்மா பச்சையம்மாள் அழுது தீர்ந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். உழுது, பாத்தி பிடித்து, எரு போட்டு நிலத்தைத் தயார் செய்தாள். விதை வர வேண்டியதுதான் பாக்கி. மழைக்கு முன்னால் நட்டால் அந்த வருடத்துச் சாப்பாடு, நடாவிட்டால் காடு தரிசு. வெளியில் வாங்க அவளிடம் வழி இல்லை.

அமிர்தவல்லிக்கு ஒரு அண்ணன் உண்டு, மணிவேல். அம்மாவோடு சேர்த்து இவர்கள் இருவரும்தான் வாரிசு. பதிவு முடிகிற வாரத்தில் ஒரு மத்தியானம் மணிவேல் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். அமிர்தவல்லி தன் தேதியை அடித்தாள், மே. அண்ணன் தேதியை அடித்தாள், மார்ச். வருடம் ஒன்றே.

கட்டம் சிவந்தது.

உடன்பிறந்தவன் பிறந்த தேதியை யார் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? மணிவேல் அவளைவிட முழுசாக மூன்று வயது மூத்தவன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து, தங்கையோடு சேர்த்து ஒரே நாளில் அய்யாக்கண்ணு பள்ளிக்கூடத்தில் தள்ளினார். வாத்தியார் இருவரையும் ஒரே வருடத்தில் பெற்றெடுத்தார்.

மணிவேல் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ரெண்டு மாசந்தான் மூத்தவனா நானு? இனிமே அண்ணேன்னு கூப்புடாத. வாடா போடான்னே சொல்லு."

"சிரிக்காத அண்ணே. எடுக்க மாட்டேங்குது."

"என்னைய எடுத்துட்டு அம்மா பேரயும் ஒன் பேரயும் மட்டும் போடு."

"சான்றிதழ்ல மூணு பேரு. ஒருத்தர் கொறஞ்சா மொத்தமும் ஏறாது."

"ரெட்டப் புள்ளன்னு போடு."

"ஒரே தேதி இருக்கணும்."

"இந்தப் பூட்டையெல்லாம் எவன்டா போட்டது" என்று கேட்க வாயெடுத்த மணிவேல், தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். திரையை மறுபடி ஒரு தடவை மேய்ந்தான். பிறகு குரலை இறக்கி, "தாய் வேறன்னு ஒரு எடம் இருக்கே, அது என்னா?" என்றான்.

"ரெண்டாந்தாரத்துப் புள்ளைங்களுக்கு."

"அப்ப அப்பாவுக்கு இன்னொரு பொண்டாட்டி போட்டுடு. எனக்கு ஒரு அம்மா, ஒனக்கு ஒரு அம்மா. முடிஞ்சு போச்சு."

பெயர் ஏறுகிறதா என்று பார்க்க வந்த பச்சையம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஒருத்தி கூட திரும்பிப் பாக்காத மனுசன்" என்றாள் பச்சையம்மாள். "செத்தப்பறம் எவடா வர்றா?"

மணிவேல் பையை எடுத்துக்கொண்டு நழுவினான். பச்சையம்மாள் உள்ளே வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஏறலியா?"

"ஏறலம்மா."

"ஏன்?"

"அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு மாசந்தான் இருக்கு."

பச்சையம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன்னப் படிக்க வச்சது தப்பாப் போச்சுடி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

தலைவர் நடராசனிடம் விஷயம் போனது. பெயரில் பட்டத்தை இழந்த அந்த மனிதர் இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, பூட்டு ஒன்னோடது, சாவி ஒன்னோடது. ஒரு நிமிசம் தொறந்து அம்மா பேர ஏத்திட்டு மறுபடி பூட்டிடு. யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கமாட்டார்கள்தான். விதியை எடுப்பது ஒரு தட்டு, அம்மாவை ஏற்றுவது நாலு தட்டு, விதியைத் திரும்பப் போடுவது இன்னொரு தட்டு. அமிர்தவல்லி விரலை வைத்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பாப்பாயி வந்து நின்றாள். கேட்க ஒன்றும் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கினாள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். "ஒங்க அம்மா நெலம் நல்லா தயாரா இருக்குடி அமிர்தம். வெதை ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனாள். ஊரில் எந்தச் செய்தியும் பத்து இலக்கத்துக்குக் காத்திருப்பதில்லை.

அமிர்தவல்லி விரலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் திரையில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. 'தேதி போட்டவர் யார்?' அதன் கீழே இரண்டே தேர்வு, ஆஸ்பத்திரி, வாத்தியார். ஆஸ்பத்திரி என்றால் ஒன்பது மாதக் கணக்கு உண்டு. வாத்தியார் என்றால் கணக்கு இல்லை, ஆனால் பிள்ளைதான் என்று ஊரில் உறுப்பினர் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். வீரமணிக்குக் கையெழுத்துப் போட ஊரில் எவனும் வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வழி நல்ல வழிதான், ஆனால் ஒரு முள் இருந்தது. விதை மூட்டை அளவாகத்தான் வந்திருந்தது. முன்னால் பதிந்தவருக்கு முன்னால் கிடைக்கும். போன வருடம் சிவந்து போனவர்களையெல்லாம் கூப்பிட்டால் அம்மாவின் முறை வருவதற்குள் மூட்டை தீர்ந்தாலும் தீரும். கூப்பிடாமல் அம்மாவை முதலில் ஏற்றினாலும் விதிப்படி தப்பில்லை. அமிர்தவல்லி போனை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லார் நம்பரும் பத்து இலக்கம் சரியாக இருந்ததால் எல்லார் வீட்டிலும் மணி அடித்தது. அவளுடைய கண்டிப்பு அவளுக்கே வைத்த ஆப்பு அது.

பத்து மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசலில் வரிசை. முதல் ஆள் பாப்பாயி. கடைசியில் பச்சையம்மாள், மகளைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வாங்க அத்தை. பெரியவரு தேதி சொல்லுங்க" என்றாள் அமிர்தவல்லி.

பாப்பாயி சொல்லவில்லை. மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். "சொல்றேன். மொதல்ல நீ கையத் தூக்கு."

"எதுக்கு?"

"வலது கைய தல மேல வளச்சு எடது காதத் தொடு."

வரிசை கலகலத்தது. தலைவர் தன் அறையிலிருந்து நாற்காலியோடு நகர்ந்து வந்தார்.

"அத்தை, விளையாடாதீங்க. ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அன்னைக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தோம். என் ரெண்டு பயலயும் சேக்க நானு அதே நாளுதான் பள்ளிக்கூடம் போனேன். ஒனக்குக் கை எட்டலடி. விரலு காதுக்கு மேல முடியிலயே நின்னு போச்சு. ஒங்க அப்பா பின்னாடி நின்னு ஒன் தலைய இப்புடி சாச்சாரு. காது விரலுக்கு வந்துச்சு. வாத்தியாரு பாத்தாரு. பாத்துட்டு, 'எட்டுச்சு'ன்னு எழுதுனாரு."

அமிர்தவல்லி அம்மாவைப் பார்த்தாள். பச்சையம்மாள் அப்போதுதான் முதல் தடவையாக மகளைப் பார்த்தாள். "அண்ணி சொல்றது நெசந்தான்" என்றாள். "இல்லன்னா நீ அடுத்த வருசந்தான். ஒங்க அப்பாவுக்கு ஆடு மேய்க்க ஆளு வேணும்னு நெனப்பு இல்ல, ஒன்னய படிக்க வைக்கணும்னுதான் நெனப்பு. அதான் தலையச் சாச்சாரு."

அமிர்தவல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், நாற்பது தாண்டிய வயதில், வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்தாள். வளையல் கொண்டையில் மாட்டிக்கொண்டது. பாப்பாயி எட்டி அதை விடுவித்தாள். விரல் காதைத் தொட்டது, தொட்டதோடு நில்லாமல் தாண்டியும் போனது.

"எட்டிடுச்சு. இப்ப சேத்துக்கலாம்" என்று பாப்பாயி வரிசையைப் பார்த்து அறிவித்தாள். "ம், எழுது. பெரியவன் தேதி போட்டது வாத்தியாரு. சின்னவன் தேதி போட்டதும் அந்த மகராசந்தான்."

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு கட்டமும் சிவக்கவில்லை. இரண்டு கையெழுத்துக்காக ஊரில் பேசாதிருந்தவர்களெல்லாம் பேசிக்கொண்டார்கள். பச்சையம்மாளின் முறை வந்தபோது அடியில் கிடந்த மூட்டைகள்தான் மிச்சம், அவளுக்கு வர வேண்டியதில் பாதி. பெரிய காயாவது பார்த்துப் பொறுக்கலாம் என்றால் எல்லாம் கோலிக்குண்டு அளவு. அவளுக்குக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருத்தி பாப்பாயி. போட்டுவிட்டு, தன் மூட்டைகளில் ஒன்றைக் காலால் பச்சையம்மாள் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போ பச்சையம்மா. தானம் இல்ல. போன வருசம் ஒம்மவ என்னைய நிக்க வச்சதுக்கு இந்த வருசம் நீ என்னைய நெனச்சுக்கிட்டே நடணும். ஒவ்வொரு பாத்திக்கும்."

பச்சையம்மாள் நெனச்சுக்கிட்டே நட்டாள். சில பாத்திகளில் வாய்விட்டும் நினைத்தாள். காற்று அந்தப் பக்கம் அடித்த நாட்களில் பாப்பாயிக்கும் கேட்டது.

கார்த்திகையில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு போன். பேசியவர் சின்ன வயதுக்காரர், மிகவும் மரியாதையாகப் பேசினார். "மேடம், உங்க புதுக் கட்டத்தை எல்லா ஊருக்கும் போட்டுட்டோம். மற்ற ஊர்லயெல்லாம் தேதி போட்டவர் இடத்துல ஆஸ்பத்திரின்னு இருக்கு. உங்க ஊர்ல மட்டும் ஒரே ஒரு வாத்தியார்தான் பாதி ஊருக்குத் தேதி போட்டிருக்கார். அவ்வளவு சேவை செஞ்சவரை ஆண்டு விழாவுல கவுரவிக்கலாம்னு எங்க மேலதிகாரி சொல்றார். அவர் போன் நம்பரை மட்டும் ஏத்திடுங்க. கட்டம் அனுப்பியிருக்கோம்."

கட்டம் வந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது காலியாக விடக் கூடாது. வாத்தியார் காலமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 'இறந்துவிட்டார்' என்று அடித்தால் சிவந்தது, எழுத்து கூடாதாம். பூஜ்யங்களாக அடித்தால் சிவந்தது, அது நம்பர் இல்லையாம். சென்னையில் யாரோ ஓர் அமிர்தவல்லி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

முதல் களையெடுப்பு முடிந்து, வெங்காயத் தாள் ஒரு கட்டோடு பச்சையம்மாள் ஆபீசுக்கு வந்தபோதும் அந்தக் கட்டம் அப்படியே இருந்தது.

"என்னாடி இது இன்னமும் செவந்து கெடக்கு?"

"வாத்தியாரு நம்பர் கேக்குதும்மா. விடமாட்டேங்குது."

"செத்தவருக்கு ஏதுடி நம்பரு" என்றாள் பச்சையம்மாள். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துத் துடைத்தாள். "என் நம்பரப் போடு. கூப்புட்டா நான் பேசிக்கறேன்."

அமிர்தவல்லி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பத்து இலக்கத்தையும் அடித்தாள்.

எடுத்துக்கொண்டது.